படியெடுத்தல் வேறு, மாற்றுதல் வேறு

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் அறிவியற் பக்கத்தில் அண்மையில் அமெரிக்க மூலக்கூற்று உயிரியலாளர் டேவிட் பால்டிமோரைப் பற்றி வெளிவந்த சிறு குறிப்பை வாசித்தேன். இத்தகைய ஓர் ஆராய்ச்சியாளரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த இடம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி சொல்லவேண்டும். ஆயினும், "மரபணுக்களை மாற்றும் நொதியத்தைக் கண்டுபிடித்தவர்" என்று அக்குறிப்பு அவரை அறிமுகம் செய்திருப்பதை என்னால் வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அவர் கண்டுபிடித்தது மரபணுவைப் படியெடுக்கும் ஒரு நொதியம், அதாவது கலத்துக்குள் ஒரு வேதி வேலையைச் செய்து முடிக்கும் புரதம். படியெடுத்தலும் மாற்றுதலும் ஒன்றல்ல என்பதை மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பகுதியில் இருபத்தேழு ஆண்டுகள் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவள் என்ற முறையில் இங்கு எழுத விரும்புகிறேன்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு வருத்தமா என்று தாங்கள் கேட்கலாம். 2021ஆம் ஆண்டு கொரோனாத் தடுப்பூசி போடுவதற்காக எங்கள் ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நின்றபோது, என்னிடம் படித்த பிள்ளையொருத்தியின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இந்த ஊசியப் போட்டா மரபணு மாறிருமாம் எண்டு சொல்றாங்க, அப்ப நம்மட பிள்ளையள்ற குடியும் மாறிருமா?" என்று கேட்டார். தாய்வழியாகக் குடி என்ற வம்சப் பெயர் சொல்லி, கோயிலில் அந்தக் குடிக்குரிய முறையைப் பேணி வாழும் ஒரு சமூகத்தில் மரபு என்ற சொல்லுக்கு எவ்வளவு பாரம் உண்டு என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். அந்தத் தாய் அறியாமையால் கேட்கவில்லை. மரபணு என்ற சொல்லையும் மாற்றம் என்ற சொல்லையும் யாரோ சேர்த்துச் சொல்ல, அவ்விரு சொற்களும் தமிழில் என்ன பொருள் தருமோ அந்தப் பொருளிலேயே அவர் அவற்றை விளங்கிக்கொண்டார். அன்று அந்த வரிசையில் நின்றபடி என்னால் அரைகுறையாகத்தான் விடை சொல்ல முடிந்தது. சொல்லவேண்டிய விடையைப் பொறுமையாக எழுதுகிறேன்.

என் தந்தையார் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தவர். காணி உறுதிகளைக் கையால் படியெடுத்து எழுதுவதே அவருடைய வேலை. மூல உறுதியை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் விரித்து, எல்லை, விஸ்தீரணம் என்று ஒரு சொல்லும் தவறாமல் படியை எழுதி முடித்ததும் மூலம் மீண்டும் பெட்டிக்குள் போய்விடும். வெளியே போவதும், கை மாறுவதும், மழையில் நனைந்து கசங்குவதும் படி மட்டுமே. எழுதி முடித்த பின், ஒருவர் படியை உரத்து வாசிக்க, என் தந்தையார் மூலத்தின் மேல் விரலை வைத்து வரிவரியாகத் தொடர்ந்து செல்வார். ஒப்புநோக்குதல் என்று அதற்குப் பெயர். சிறுமியாக அந்த மேசையருகில் நின்று பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் கலத்தின் கருவுக்குள் நடப்பதை மாணவருக்கு விளக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. டி.என்.ஏ. என்ற மூலம் கருவுக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து தேவையான பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்ற படியாக எழுதப்பட்டு கருவுக்கு வெளியே உள்ள குழியவுருவுக்கு வருகிறது. அந்தப் படியை வாசித்தே கலம் புரதங்களைத் தொகுக்கிறது. மூலத்திலிருந்து படி எழுதும் இந்தச் செயலே படியெடுத்தல். மனிதக் கலத்தில் உள்ள மூலம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. எந்தக் கலத்தில், எந்த வேளையில், எந்தப் பகுதி படியெடுக்கப்படவேண்டும் என்பதே ஈரலை ஈரலாகவும் கண்ணைக் கண்ணாகவும் வைத்திருக்கிறது.

இனி வைரசுக்கு வருவோம். வைரசுக்குச் சொந்தமாக மேசையோ எழுதுவினைஞரோ இல்லை. ஒரு கலத்துக்குள் புகுந்து, அங்குள்ள வசதிகளைக் கொண்டே அது தன்னைப் பெருக்கவேண்டும். பல வைரசுகளின் மரபுப்பொருள் டி.என்.ஏ. அன்றி ஆர்.என்.ஏ. ஆகும். அங்கேதான் புதிர் தொடங்குகிறது, ஏனெனில் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் வசதி இந்த வைரசுகளின் தேவைக்கு ஏற்ற முறையில் நம்முடைய கலங்களில் இல்லை. பால்டிமோர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியதே இந்தப் புதிரிலிருந்துதான். 1960களின் தொடக்கத்தில், இளம்பிள்ளை வாத வைரசும் அதன் உறவு வைரசுகளும் கலத்துக்குள் தமக்கான படியெடுக்கும் நொதியத்தைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன என்பதை ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த வைரசின் ஆர்.என்.ஏ. கலத்தால் நேரடியாக வாசிக்கக்கூடிய வடிவில் இருப்பதால், உள்ளே நுழைந்த பின் நொதியத்தை ஆக்க அதற்கு வழி உண்டு.

வாசிக்க முடியாத வடிவில் ஆர்.என்.ஏ.யை வைத்திருக்கும் வைரசு என்ன செய்யும்? மாடு, குதிரை ஆகியவற்றின் வாயில் கொப்புளங்களை உண்டாக்கும் ஒரு வைரசு அமெரிக்கக் கண்டங்களில் உண்டு. நம் ஊர்களில் எல்லோரும் அஞ்சும் விசர்நாய்க்கடி வைரசும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த வாய்க்கொப்புள வைரசின் ஆர்.என்.ஏ. தலைகீழாக எழுதப்பட்ட உறுதியைப் போன்றது. கலம் அதை வாசிக்க இயலாது. ஆகவே அந்த வைரசு தன் எழுதுவினைஞரைத் தன் பைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வரவேண்டும். 1970ஆம் ஆண்டு பால்டிமோரும், அவருடைய துணைவியாரும் வைரசு ஆராய்ச்சியாளருமான அலிஸ் ஹுவாங்கும், மார்த்தா ஸ்டாம்ஃபரும் அந்த வைரசுத் துகளுக்குள்ளேயே படியெடுக்கும் நொதியம் இருப்பதைக் காட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் அவருடைய சிந்தனையின் அழகு தெரிகிறது. ஒரு வைரசு தன் நொதியத்தைக் கூடவே சுமந்து வருமென்றால், எவராலும் விளக்க முடியாதிருந்த புற்றுநோய் வைரசுகளும் ஏதோவொரு நொதியத்தைச் சுமந்து வரக்கூடும் அல்லவா? 1911இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெய்ட்டன் ரவுஸ் கோழிகளில் கட்டிகளை உண்டாக்கும் வைரசு ஒன்றைக் காட்டியிருந்தார். அதன் மரபுப்பொருளும் ஆர்.என்.ஏ.தான். ஆனால் டி.என்.ஏ.யிலிருந்து படியெடுப்பதைத் தடுக்கும் அக்டினோமைசின் என்ற மருந்தைக் கொடுத்தால் அந்த வைரசு பெருகுவது நின்றுவிடுவதை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹவார்ட் டெமின் கண்டிருந்தார். டி.என்.ஏ.யோடு தொடர்பே இல்லாததென்று கருதப்பட்ட வைரசை அந்த மருந்து ஏன் தடுக்கவேண்டும்? இந்த வைரசு கலத்துக்குள் டி.என்.ஏ. வடிவம் எடுக்கிறது என்று டெமின் சொன்னார். மரபுச் செய்தி டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.க்கு ஒரு வழியாகவே செல்லும் என்று பாடம் படித்திருந்த அறிவியல் உலகம் ஆண்டுக்கணக்கில் அவரை நம்பவில்லை.

பால்டிமோர் செய்த பரிசோதனையை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன், ஏனெனில் அதைவிடத் தெளிவான பரிசோதனையைக் காண்பது அரிது. சுண்டெலிகளில் குருதிப் புற்றுநோயை உண்டாக்கும் ஆர்.என்.ஏ. வைரசைத் தூய்மைப்படுத்தி எடுத்து, அதன் உறையைச் சற்றுத் திறந்து, டி.என்.ஏ.யைக் கட்டுவதற்கான நான்கு வகைக் கட்டுப்பொருள்களையும் சேர்க்கவேண்டும். அவற்றில் ஒன்று கதிர்த்தொழிற்பாடுடையதாக, அதாவது கதிர்வீச்சை வைத்து இனங்காணக்கூடியதாக இருக்கும். உள்ளே டி.என்.ஏ. எழுதும் நொதியம் இருந்தால் அந்தக் கதிர்த்தொழிற்பாடு நீண்ட இழையொன்றில் வந்து சேரும். அப்படியே வந்து சேர்ந்தது. முன்கூட்டியே ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தை இட்டால் அது நடக்கவில்லை. ஆகவே அந்த டி.என்.ஏ. எழுதப்பட்டது ஆர்.என்.ஏ.யைப் பார்த்துத்தான். டெமினும் அவருடைய ஆய்வுத் துணைவர் சடோஷி மிசுதானியும் கோழி வைரசில் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தனர். இரு கட்டுரைகளும் 1970 ஜூன் மாதத்தில் நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில் வெளிவந்தன. 1975இல் பால்டிமோரும் டெமினும், புற்றுநோய் வைரசுகளை ஆராய்ந்த ரெனாட்டோ டுல்பெக்கோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது பால்டிமோருக்கு வயது 37.

படியைப் பார்த்து மூலம் எழுதும் இந்தச் செயலே பின்னோக்கிய படியெடுத்தல். இத்தகைய வைரசுகள், தாம் எழுதிய டி.என்.ஏ.யைக் கலத்தின் டி.என்.ஏ.க்குள் செருகிவிடுகின்றன என்பது உண்மைதான். இரும்புப் பெட்டிக்குள் புதியதோர் உறுதியைக் கொண்டுபோய் வைத்துவிடுவதைப் போல. ஆகவே தங்கள் குறிப்பு முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செருகும் வேலையைச் செய்வது வேறொரு நொதியம். அதிலும் இது ஒருசில வைரசுக் குடும்பங்களுக்கே உரிய வழக்கம். டெங்கு வைரசு இதைச் செய்வதில்லை, கொரோனா வைரசும் தன் பெருக்கத்துக்கு இந்த வழியை நாடுவதில்லை, சளிச்சுரத்தைத் தரும் இன்ஃபுளுவென்சாவும் அப்படியே. எல்லாவற்றையும் மாற்றம் என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால் வாசகருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

பால்டிமோரின் இன்னொரு பெரிய பணியைத் தங்கள் குறிப்பு தொடவேயில்லை. 1986இல் அவருடைய ஆய்வுகூடத்தில் ரஞ்சன் சென் என்ற இந்திய ஆராய்ச்சியாளர், கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரிக்குரிய மரபணுவின் அருகில் சென்று ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தார். என்.எஃப். கப்பா பி என்பது அதன் பெயர். பெரும்பாலான கலங்களில் அது குழியவுருவில் கட்டுண்டு கிடக்கிறது. கிருமி வந்தது என்ற சமிக்ஞை கிடைத்தவுடன் கட்டவிழ்ந்து கருவுக்குள் ஓடிப்போய், நோய்க்கு எதிரான மரபணுக்களைப் படியெடுக்கத் தொடங்கிவைக்கிறது. அடுத்த ஆண்டே, எயிட்ஸ் நோயை உண்டாக்குவதும் தன் டி.என்.ஏ.யைக் கலத்தின் டி.என்.ஏ.க்குள் செருகிவிடுவதுமான எச்.ஐ.வி. வைரசின் மரபுப்பொருளின் தலைப்பிலும் இதே புரதம் வந்து ஒட்டுவதற்கான இடங்கள் இருப்பதைக் கேரி நேபலும் பால்டிமோரும் காட்டினார்கள். அதாவது, வேறொரு நோயை எதிர்க்கவென நம் வெண்குருதிக் கலம் விழித்தெழும்போது, அதற்குள் உறங்கிக்கிடக்கும் எச்.ஐ.வி.யும் அதே கட்டளையால் படியெடுக்கப்படுகிறது. எச்.ஐ.வி.யை உடலிலிருந்து அடியோடு நீக்குவது ஏன் இன்றுவரை இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, உறங்குவதும் விழிப்பதுமான இந்த ஒழுங்கை அறியவேண்டும்.

இவையெல்லாம் தூரதேசத்து ஆய்வுகூடக் கதைகள் என்று எவரும் எண்ணவேண்டாம். 1983இல் பரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் எச்.ஐ.வி. இனங்காணப்பட்டபோது, நோயாளியிடமிருந்து பெறப்பட்ட கலங்களில் புதியதொரு வைரசு இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் இந்தப் பின்னோக்கிய படியெடுக்கும் நொதியத்தின் செயற்பாடுதான். 1987இல் அங்கீகரிக்கப்பட்ட முதலாவது எச்.ஐ.வி. மருந்து அந்த நொதியத்தையே முடக்குவது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாரைத் தவறாமல் பரிசோதித்த நம் தாதியரின், குடும்பநல உத்தியோகத்தரின் உழைப்போடு, அந்த நொதியத்தை முடக்கும் மருந்துகளும் சேர்ந்ததாலேயே அது கைகூடியது.

கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் குச்சியை விட்டு எடுத்த மாதிரியில் நடந்ததும் இதுவே. வைரசின் ஆர்.என்.ஏ.யைப் பீ.சீ.ஆர். இயந்திரம் நேரடியாகப் பெருக்காது. முதலில் பின்னோக்கிய படியெடுக்கும் நொதியத்தால் அதை டி.என்.ஏ.யாக எழுதவேண்டும், பின்னர் 1983இல் கேரி முல்லிஸ் வகுத்த முறைப்படி ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு மடங்காகும். 30 சுற்றுகளில் ஓர் இழை நூறு கோடியைத் தாண்டிவிடும். அன்று ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருந்து முடிவைப் பெற்ற ஒவ்வொருவரும், 1970இல் சுண்டெலி வைரசு ஒன்றிலும் கோழி வைரசு ஒன்றிலும் கண்டறியப்பட்ட நொதியத்தின் பயனை அனுபவித்தவர்களே.

ஒப்புநோக்குதல் பற்றி முன்னர் குறிப்பிட்டேன். டெங்கு வைரசின் ஆர்.என்.ஏ.யில் உள்ளவை ஏறத்தாழ 10,700 எழுத்துகள். அதைப் படியெடுக்கும் நொதியத்துக்கு ஒப்புநோக்கும் வழக்கம் இல்லை. ஆகவே பிழைகள் மலிகின்றன. அந்தப் பிழைகளிலிருந்தே புதிய புதிய வேறுபாடுகள் பிறக்கின்றன. எச்.ஐ.வி.யும் இப்படிப்பட்டதே, ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் பிழையாக எழுதப்பட்ட ஏதோவொரு படி அந்த மருந்துக்குத் தப்பிவிடும் என்பதால்தான் இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஏறத்தாழ 30,000 எழுத்துகளைக் கொண்ட கொரோனா வைரசு மாத்திரம் தன் பிழைகளைத் திருத்தும் நொதியம் ஒன்றையும் வைத்திருக்கிறது. இவ்வளவு நீண்ட படியை ஒப்புநோக்காமல் எழுதினால் அது பயன்படாமற் போய்விடும் என்பதை என் தந்தையார் இருந்திருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பார்.

எங்கள் பகுதியின் தோட்டங்களிலும் இதே கதை நடக்கிறது. களுதாவளையிலிருந்து வந்து என்னிடம் படித்த மாணவனொருவன் ஒரு நாள் தன் தகப்பனாரின் தோட்டத்திலிருந்து வெண்டி இலையொன்றைக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். இலையின் நரம்புகள் யாவும் வலைபோல மஞ்சளாகி, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் பச்சையாக இருந்தது. சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது எவரோ மஞ்சள் மையால் கோடு வரைந்ததைப் போன்ற ஒழுங்கு. வெள்ளை ஈ காவி வரும் அந்த வைரசின் மரபுப்பொருள் ஒற்றை இழை டி.என்.ஏ. ஆகும், ஏறத்தாழ 2,700 எழுத்துகள்தாம். படியெடுக்கும் நொதியம் எதையும் அது கொண்டுவருவதில்லை. வெண்டிக் கலத்தின் கருவுக்குள் போய் அங்குள்ள எழுதுவினைஞரைக் கொண்டே தன் உறுதியை எழுதுவித்துக்கொள்கிறது. "அப்ப செடிதான் தனக்கு நோயை எழுதிக் கொடுக்குதா, டீச்சர்?" என்று அவன் கேட்டான். அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுவே சிறந்தது.

இப்போது அந்தத் தாய்க்குரிய விடை. எங்கள் பகுதியில் பெரும்பாலானோர் முதலில் பெற்ற சைனோஃபாம் தடுப்பூசி, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரசைக் கொண்டது. பின்னர் மேலதிகமாகப் போடப்பட்ட ஃபைசர் தடுப்பூசியில் இருந்தது ஆர்.என்.ஏ. படியொன்று. உறுதியின் படியைக் குழியவுருவிடம் கொடுத்து, வைரசின் முள்ளுப் புரதத்தைச் செய்யச் சொல்வது அது. இரும்புப் பெட்டி இருக்கும் கருவுக்குள் அது போவதில்லை. பின்னோக்கிப் படியெடுக்கும் நொதியமோ, டி.என்.ஏ.க்குள் செருகும் நொதியமோ அந்த ஊசியில் இல்லை. வாசிக்கப்பட்ட பின் சில நாள்களில் அந்தப் படி சிதைந்துவிடுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் எதையும் அது தொடுவதில்லை. குடி மாறாது. அந்த ஆர்.என்.ஏ.யைத் தொழிற்சாலையில் எழுதுவதுகூட பற்றீரியாவைத் தாக்கும் டீ-7 என்ற வைரசின் படியெடுக்கும் நொதியம்தான் என்பதை இவ்விடத்தில் சொல்லியாகவேண்டும். பற்றீரியாவின் வைரசைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் ஒரு கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி செய்யப்போகிறோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் ஓர் அறிவியற் பட்டதாரி என்பதையும், 1930களில் சென்னையில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதையும் தங்கள் வாசகருக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அவர் பிறந்த மண்ணிலிருந்து கொண்டு, நம் பிள்ளைகள் வாசிக்கும் தமிழில் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவது எனக்கு ஏற்புடையதன்று. டி.என்.ஏ. தன்னைப் போல இன்னொன்றை ஆக்குவது இரட்டித்தல், டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. எழுதுவது படியெடுத்தல், ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ. எழுதுவது பின்னோக்கிய படியெடுத்தல், ஆர்.என்.ஏ.யை வாசித்துப் புரதம் தொகுப்பது மொழிபெயர்த்தல். எழுத்தே வேறாகிவிடுவது மட்டுமே மாற்றம். இவற்றைவிடப் பொருத்தமான சொற்களை எவரேனும் முன்வைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். ஐந்துக்கும் ஐந்து சொற்கள் இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆகவே, அந்தக் குறிப்பில் மாற்றும் என்றிருக்கும் இடத்தில் படியெடுக்கும் என்று திருத்தி, அடுத்த இதழின் அறிவியற் பக்கத்திலேயே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் வைரசு, மரபணு, தடுப்பூசி பற்றிய கட்டுரைகள் வரும்போது அச்சுக்குப் போகுமுன் துறையறிந்த ஒருவரிடம் காட்டிப் பெறுவதும் நலம். எவரும் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்பிவையுங்கள். ஊதியம் எதுவும் எதிர்பாராமல், மறுநாளே ஒப்புநோக்கித் திருப்பி அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிகுடி.